இன்னும் எவ்வளவு தூரம்?

உலகத்தின் முதல் நெடுந்தூர விமானப் போட்டி பழனியில்தான் முடிந்தது. போட்டியாளர்கள் இரண்டு பேர், பரிசு ஒரே ஒரு பழம், நடுவர் பெற்ற தகப்பன். இப்படிப்பட்ட போட்டியில் நியாயம் கிடைக்கும் என்று நம்பி மயிலில் ஏறி உட்கார்ந்தவருக்கு முகம் ஆறு. ஆறில் ஒன்றாவது திரும்பி, அண்ணன் பின்னால் என்ன செய்கிறான் என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

நிலநடுக்கோட்டு வழியாக உலகத்தைச் சுற்றினால் 40,075 கிலோமீட்டர். முருகன் அத்தனை தூரத்தையும் ஒழுங்காகப் பறந்து முடித்தார். வழியில் எங்காவது இறங்கி மயிலுக்குத் தீனி போட்டதாகக்கூடத் தலபுராணம் சொல்லவில்லை. இந்தப் பக்கம் பிள்ளையார் மெல்ல எழுந்தார், அம்மா அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றினார், கையை நீட்டினார். மிஞ்சிப்போனால் பத்துத் தப்படி. அந்த உடம்புக்கு அதுவே ஜாஸ்தி. பழம் அங்கே போய்விட்டது. தம்பி கோபித்துக்கொண்டு கோவணத்தோடு கிளம்பிவிட்டார்.

கயிலாயத்திலிருந்து பழனிக்கு நேர்கோட்டில் சுமார் 2,300 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவான வேலை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டுக்குப் போவார்கள், நாலு நாளில் சமாதானம் ஆகும். இவர் ஒரு துணைக்கண்டத்தையே தாண்டி வந்து உட்கார்ந்தார். அம்மா அப்பா நினைத்தவுடன் வந்து கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற திட்டம் அதில் தெரிகிறது.

பின்னாலேயே வந்தது சரக்குப் போக்குவரத்து. சிவனிடமிருந்து சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு குன்றுகளை அகத்தியர் வாங்கி வைத்திருந்தார். அவற்றைத் தெற்கே பொதிகைக்குக் கொண்டுபோக வேண்டும். முனிவர்கள் எப்போதும் இப்படித்தான். வாங்குவது அவர்கள், தூக்குவதற்கு ஒரு சீடன். மாட்டியவன் இடும்பன். தண்டின் இரண்டு முனையிலும் முனைக்கொரு குன்றைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பனிமலை அவனை நிறுத்தவில்லை. கங்கை, நர்மதை, கோதாவரி, காவிரி எதுவும் நிறுத்தவில்லை. போய்ச் சேர இன்னும் சுமார் இருநூறு கிலோமீட்டர்தான் பாக்கி. பழனி அடிவாரத்துத் திருவாவினன்குடிக்குப் பக்கத்தில் வந்தபோது, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று பாரத்தை இறக்கினான்.

அவ்வளவுதான். மறுபடி தூக்கினால் ஒரு குன்று அசையவில்லை. மேலே பார்த்தால் கையில் கம்போடு ஒரு பையன் நிற்கிறான். இறங்குடா என்றான் இடும்பன். இது என் மலை என்றான் பையன். பிறகு சண்டை, இடும்பன் சாய்ந்தது, உயிர் பெற்று எழுந்தது, மலைக்குக் காவல் ஆனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அகத்தியர் பெயருக்கு அனுப்பிய சரக்கு மட்டும் இன்றுவரை பொதிகைக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு குன்றில் முருகன், எதிர்க் குன்றில் இடும்பன். பார்சல் ஆபீஸ் இருந்திருந்தால் அகத்தியர் புகார் எழுதிக் கொடுத்திருப்பார்.

இந்தக் கதையை நான் பக்தியோடு மட்டும் படிப்பதில்லை, பயணக் குறிப்பாகவும் படிக்கிறேன். பழனிமலைத் தொடருக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் பின்னாளில் நடந்ததும் இதுதான். ஆயிரக்கணக்கான மைல்களை அலட்டிக்கொள்ளாமல் கடந்து வருவார்கள். அடிவாரத்துக்கு வந்த பிறகு மீதியிருக்கும் கொஞ்சூண்டு தூரத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

விதிவிலக்கு போகர். பழனி மூலவரை நவபாஷாணத்தில் செய்தவர் என்று சொல்லப்படும் இந்தச் சித்தர், சீனாவுக்கும் பழனிக்கும் வானத்து வழியாகப் போய் வந்துகொண்டிருந்தாராம். பீஜிங் என்று வைத்துக்கொண்டால் நேர்கோட்டில் 5,000 கிலோமீட்டர். இன்றைக்கு நீங்கள் அதே பயணம் போக வேண்டுமென்றால் பழனி பஸ் ஸ்டாண்டிலிருந்து மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அங்கிருந்து ஒரு விமானம், அப்புறம் இன்னொரு விமானம், அதற்கெல்லாம் முன்னால் விசா. நேரடிப் போக்குவரத்து போகரோடு நின்றது நின்றதுதான்.

புராணத்தை விட்டுப் பதிவேட்டுக்கு வருவோம். 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற சர்வேயர் பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக மேலே ஏறி, இன்று கொடைக்கானல் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அளந்து எழுதிவிட்டுப் போனார். அவர் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவார்கள். அவருக்கு வழியில் வந்த வெள்ளகவியில் மனிதர்கள் குடியிருந்தார்கள் என்பதையும், மேலே பளியர் என்ற மலைவாசிகள் காலங்காலமாக இருந்தார்கள் என்பதையும் அவர்களே அடுத்த பக்கத்தில் எழுதுவார்கள். குடியிருப்பவன் ஒரு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது போலிருக்கிறது. அதற்குக் கீழேயிருந்து ஏறி வர வேண்டும், கையில் அளவுச் சங்கிலியும் இருக்க வேண்டும்.

வார்டு எழுதிய குறிப்பைக் கும்பெனி பதின்மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருந்தது. 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன், ரெவின்யூ போர்டு மெம்பர் காட்டன் என்ற இருவர் தேவதானப்பட்டியிலிருந்து ஏறி, செண்பகனூருக்கு அருகே ஒரு சின்ன பங்களா கட்டினார்கள். கவனியுங்கள், 1834. அதே வருஷம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரைக்கு வந்து மிஷன் தொடங்கினார்கள்.

இவர்களுடைய தலைமை ஆபீஸ் பாஸ்டனில். பாஸ்டனிலிருந்து மதுரைக்குக் காக்கை பறக்கும் கணக்கில் 13,400 கிலோமீட்டர் சொச்சம். பாய்மரக் கப்பல் காக்கை மாதிரிப் போகாது. அட்லாண்டிக்கில் இறங்கி, ஆப்பிரிக்காவின் காலைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலில் ஏறி வர வேண்டும். நாலு மாதம், காற்று கோபித்துக்கொண்டால் ஐந்து மாதம். 1819-ல் பாஸ்டனில் கப்பலேறிய டாக்டர் ஜான் ஸ்கடர் கல்கத்தா வந்து, அங்கிருந்து இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தார். இப்படி வந்தவர்களின் வழியில்தான் மதுரைக்காரர்களும் வந்தார்கள். உப்புக் கண்டம், வாந்தி, பிரார்த்தனை என்று மாதக்கணக்கில் ஓட்டி, கடல் தாண்டி வந்து, மதுரையில் இறங்கி, முதல் சித்திரை வெயிலைப் பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் பலர் அடுத்தடுத்த வருஷங்களில் காலராவிலும் காய்ச்சலிலும் போய்ச் சேர்ந்தார்கள். அது சிரிக்கிற விஷயமல்ல. சிரிப்பு வருவது வேறு இடத்தில். அதே பாஸ்டனில் ஃப்ரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் அங்கே குளங்கள் உறைந்துவிடும். அந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினால் காசு பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஊரே சிரித்தது. 1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் ஐஸை ஏற்றினார். நாலு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. மிச்சமிருந்ததை வெள்ளைக்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். 1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் இந்த ஐஸுக்கென்றே வட்டமாக ஒரு கட்டடம் எழும்பியது. ஐஸ் ஹவுஸ். ஐஸ் வியாபாரம் ஓய்ந்த பிறகு, 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கினாரே, அதே கட்டடம்தான்.

ஆக, பாஸ்டனிலிருந்து ஒரே கடல் வழியில் இரண்டு சரக்குகள் இந்தப் பக்கம் வந்தன. ஒன்று ஐஸ், மற்றொன்று பாதிரியார். இரண்டும் வழியில் பாதி கரைந்தன. ஐஸுக்காவது போய் இறங்கியதும் தடித்த சுவரோடு ஒரு வீடு காத்திருந்தது. பாதிரியார்களுக்கு மதுரையில் ஓட்டுக் கூரைதான். அவர்களுக்கு நேர்கோட்டில் 77 கிலோமீட்டரில், ஜனவரி ராத்திரியில் பல் கிட்டுகிற குளிர் இலவசமாகக் கிடந்தது. மதுரைக்கு வடமேற்கே மலை நிற்பது கண்ணுக்குத் தெரியாமலும் இல்லை. அதை எட்டிப் பிடிக்க அவர்களுக்கு 1834-லிருந்து 1845 வரை ஆயிற்று. பதினோரு வருஷம். வருஷத்துக்கு ஏழு கிலோமீட்டர் வேகம்.

நடுவில் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சிறுமலை கிட்டத்தில் இருக்கிறதே என்று முதலில் அங்கே போனார்கள். காற்று குளுகுளுவென்று இருந்தது. கொசுவும் குளுகுளுவென்று இருந்தது. மலேரியாவைக் கெட்ட காற்று கொண்டுவருகிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தார்கள். கொசுவின் வயிற்றைக் கிழித்து ரொனால்ட் ராஸ் உண்மையைப் பார்த்தது 1897-ல், செகந்திராபாத்தில். காரணம் தெரியாமலே ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த உயரம் போதாது, இன்னும் மேலே போவோம். காரணம் தப்பு, முடிவு சரி. சரித்திரத்தில் பல நல்ல காரியங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. 1845-ல் 7,000 அடி உயரத்தில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு பங்களாக்கள் கட்டி முடித்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்திய மலைவாசஸ்தலங்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் கைவேலை. கொடைக்கானல் அமெரிக்கர் போட்ட பிள்ளையார் சுழி.

பங்களா வந்துவிட்டது, பாதை வரவில்லை. பாதை என்று இருந்தது, பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து மேலே போகும் பன்னிரண்டு மைல் ஒற்றையடித் தடம். இதைப் பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டும். மற்ற கொடைக்கானல் கதைகளில் ஏரியும் பூங்காவும் வரும், இது வராது.

கோடை லீவுக்கு ஒரு துரை குடும்பம் மலைக்குப் போகிறது. 1875 வாக்கில் மதுரை லைனில் ரயில் ஓட ஆரம்பித்ததும் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்குவார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, ராத்திரி முழுக்கக் குலுங்கிக்கொண்டு போய்த் தோப்பில் இறங்க வேண்டும். விடிவதற்கு முன்பே ஏற்றம் தொடங்கிவிடும், ஏனென்றால் அடிவாரத்து வெயில் ஏறுகிறவனைப் பாதியிலேயே படுக்க வைத்துவிடும். துரைக்குக் குதிரை. துரைசாணிக்கு டோலி. ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் மூங்கில், முன்னும் பின்னும் ஆள், தோள் மாற்றிக்கொள்ளக் கூட நாலு ஆள். பின்னால் தகரப் பெட்டிகள், படுக்கைகள், பீங்கான், குழந்தையின் தொட்டில் எல்லாம் தலைச்சுமையாக வரும். பாறைப் படியில் முன்னால் போகிறவன் கால் உயரும்போது பின்னால் வருகிறவன் தோளில் முழுப் பாரமும் இறங்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவர் மலைக்காட்சியை ரசிப்பதற்காகக் கொஞ்சம் சாய்வார். ஆறாயிரம் அடிக்கு மேல் ஏற்றம், இப்படியே.

அந்தப் பாதைக்குக் கூலி காட் என்றே பெயர் வைத்தார்கள். நன்றி உள்ளவர்கள்தான். ஏரிக்கரையில் பங்களா வைத்திருந்தவர்களின் பெயர்கள் எல்லாம் ரோடுகளில், பாறைகளில், ஓடைகளில் இன்றும் இருக்கின்றன. தூக்கிக்கொண்டு ஏறியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை, மொத்தமாக ஒரே பெயர்தான், கூலி. இடும்பனுக்காவது எதிர்க் குன்றில் ஒரு கோயில் கிடைத்தது.

1863-ல் வந்தார் லெவிஞ்ச் துரை, மதுரைக் கலெக்டர். சதுப்பாகக் கிடந்த பள்ளத்துக்குக் கரை கட்டி ஏரி ஆக்கினார். ஏரி என்று வந்துவிட்டால் படகு வேண்டாமா? தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். கடலில் மிதந்துகொண்டிருந்த படகு, கரையேறி, சமவெளியைக் கடந்து, ரோடே இல்லாத மலையில் 7,000 அடி ஏறிப் போனது. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள். இங்கே வண்டிக்கும் வழியில்லை. கடலில் ஆளைச் சுமந்த படகை மலையில் ஆள்தான் சுமந்திருக்க வேண்டும். பின்னாளில் அந்த ஏரியைச் சுற்றிச் சுற்றி எத்தனை தேனிலவுத் தம்பதிகள் துடுப்புப் போட்டிருக்கிறார்கள்! முதல் படகு அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியும் அல்ல.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டாம் என்றானது. லண்டனுக்கும் பம்பாய்க்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒரே நாளில் காணாமல் போனது. கொடைக்கானல் மட்டும் ஒரு முழம்கூடக் கிட்டே வரவில்லை. தோப்பிலிருந்து அதே பன்னிரண்டு மைல், அதே மூங்கில், அதே தோள்.

இந்த நிலையில்தான் அரசாங்கம் ஒரு வேலை செய்தது. 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, சூரியனிடம் ஏதாவது கோளாறா என்று ஆராயச் சொன்னார்கள். மேகத்துக்கு மேலே, தூசியில்லாத இடமாக ஒன்றைத் தேடி, கொடைக்கானலைப் பிடித்தார்கள். 1899-ல் வானாய்வகம் வந்தது. மெட்ராஸ் நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த பழைய வானாய்வகத்தின் பெரும்பகுதி மலையேறியது. வேடிக்கை என்னவென்றால், அந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரத்தை வைத்துக்கொண்டுதான் இந்தியாவின் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊர் ஊருக்கு ரயில் நேரம் சொன்னவர்கள், ரயிலே ஏற முடியாத இடத்துக்குக் குடிபோனார்கள். ரோடு வருவதற்கும் இன்னும் பதினைந்து வருஷம் இருந்தது. லண்டனில் ஜான் ஷெல்டன் செய்த பழைய ஊசல் கடிகாரமும் கூடவே போனது. ஆக பங்களாவும் ஷெல்டன், கடிகாரமும் ஷெல்டன். தூக்கிக்கொண்டு போனவர் யார் என்பதை நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

அங்கே 1907-ல் ஜான் எவர்ஷெட் வந்தார். மனைவி மேரியும் வானியல் தெரிந்தவர். 1909 ஜனவரியில் சூரியனின் கரும்புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புள்ளியின் ஓரத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். விநாடிக்கு சுமார் இரண்டு கிலோமீட்டர் வேகம். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். அந்த வேகத்தில் ஏறினால் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்குப் பத்தே விநாடி. சூரிய வெளிச்சம் 15 கோடி கிலோமீட்டர் கடந்து அவருடைய கண்ணாடியில் வந்து விழ 8 நிமிடம் 20 விநாடி ஆனது. பெரியகுளத்திலிருந்து காய்கறி வந்து சேர ஒரு பகல் ஆகியிருக்கும். நாட்டிலேயே சூரியனை ஆராய்வதற்குச் சிறந்த இடம் அது, தக்காளிக்குத்தான் கொஞ்சம் தூரம்.

ரோடு கதைக்கு வருவோம். 1870-களின் பிற்பாதியில் மேஜர் லா என்பவர் மலைக்கு வண்டிப் பாதை போடத் தொடங்கினார். லாஸ் காட் என்று பெயரும் வைத்தாயிற்று. பெயர் வைத்ததும் வேலை முடிந்துவிட்டது போல அரசாங்கம் உட்கார்ந்துகொண்டது. பணமில்லை என்றார்கள், வேறு செலவு என்றார்கள். பாதை மேலே வரை முடிந்து மோட்டார் ஏறியது 1914-ல். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் உள்ள மலைப்பாதைக்குச் சுமார் நாற்பது வருஷம். அதே நாற்பது வருஷத்தில் மனிதன் விமானம் கண்டுபிடித்து, அதில் ஆங்கிலக் கால்வாயையும் தாண்டிவிட்டான்.

ரோடு வந்தது நல்லதுதான். ஆனால் வத்தலகுண்டுப் பக்கமாக வந்தது. அதுவரை மலைக்கு வாசலாக இருந்த பெரியகுளம் ஒரே நாளில் கொல்லைப்புறமானது. 1821-ல் வார்டு ஏறி வந்த வழியில் இருந்த வெள்ளகவி, மிக அண்மைக் காலம் வரை ரோடே இல்லாத ஊர். சாமான் குதிரை முதுகில் போகும், பிரசவ வலி எடுத்தால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும், தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டியும் குதிரையில் ஏறும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை எழுத மட்டும் பத்திரிகைக்காரர்கள் அங்கே நடந்து போவார்கள். கொடைக்கானலுக்கு முன்னால் பிறந்த ஊர் அது. பாஸ்டன்காரனுக்குக் கொடைக்கானல் கிட்டே வந்தது, வெள்ளகவிக்காரனுக்குத் தூரமாகிப் போனது. நூறு வருஷமாக யாரும் இதை ஒரு கோளாறாக நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ரயில்வேக்காரர்கள் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மையநாயக்கனூர் என்ற நல்ல பாளையத்து ஊரின் ஸ்டேஷனுக்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர் மாட்டினார்கள். கொடைக்கானலுக்கும் அதற்கும் 80 கிலோமீட்டர். போர்டைப் பார்த்துவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இறங்குகிற வடநாட்டுக் குடும்பங்களை எல்லா சீசனிலும் பார்க்கலாம். பிளாட்பாரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஏரி எங்கே என்று கேட்பார்கள். டாக்ஸிக்காரர் முகத்தில் அப்போது வரும் கருணையைப் படம் பிடித்து வைக்கலாம்.

மலைக்கு மேலேயிருந்து பார்த்தால் தூரம் வேறு விளையாட்டு ஆடும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-ல் கட்டியவர் லீலாவதி ராமநாதன். இலங்கையின் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி, பிறப்பால் வெள்ளைக்காரர், இந்துவாக மாறியவர். மேகம் விலகினால் அந்தக் கோயிலிலிருந்து கீழே பழனி தெரியும். கைநீட்டிக் காட்டலாம். நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் போனால் 64. இங்கேயும் முருகன், அங்கேயும் முருகன். நடுவில் மயில் இல்லாதவர்களுக்கு மூன்று மணி நேரமும் எலுமிச்சம்பழமும் பாலித்தீன் கவரும்.

கீழே போய் இறங்கினாலும் முடியவில்லை. பழனி அடிவாரத்திலிருந்து மேலே போக 1966 முதல் வின்ச் ஓடுகிறது. சுமார் எட்டு நிமிடப் பயணம். சூரிய வெளிச்சம் பூமிக்கு வருகிற நேரம் கிட்டத்தட்ட அதேதான், தூரத்தில்தான் கொஞ்சம் வித்தியாசம். 2004-ல் ரோப் கார் வந்தது, அது மூன்றே நிமிடம். ஆனால் விசேஷ நாளில் அந்த மூன்று நிமிடத்துக்காக வரிசையில் நிற்கும் மணிக்கணக்கு எந்தப் புத்தகத்திலும் சேராது. செட்டிநாட்டிலிருந்து காவடியோடு நடந்தே வரும் நகரத்தார்களைப் பாருங்கள். கிளம்பும் நாளும் தங்கும் இடங்களும் பழனி சேரும் நாளும் தலைமுறை தலைமுறையாக ஒரே கணக்கு. வழியில் எதற்கும் டோக்கன் வாங்குவதில்லை.

இதில் புத்திசாலிகள் மலாயாத் தமிழர்கள். கோலாலம்பூரிலிருந்து பழனிக்கு 2,800 கிலோமீட்டர் கடல் தாண்டி வருவானேன் என்று, தம்புசாமிப் பிள்ளை 1891-ல் பத்துமலைக் குகையிலேயே முருகனைக் குடிவைத்தார். தைப்பூசத்தன்று காவடி அங்கேயே ஏறிவிடுகிறது. தம்பிக்குக் கோயில் கட்டினாலும் வழி அண்ணன் காட்டியதுதான்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஒரு கூத்து. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டான். மெட்ராஸ் பாதி காலியானது. கிழக்குக் கரையில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டால் துரைமார்கள் கொடைக்கானல் வழியாக மேற்கே மூணாறு போய், அங்கிருந்து கொச்சிக்கு ஓடித் தப்பலாம் என்று, பேரிஜம் காட்டு வழியை மோட்டார் போகும்படி சீர் செய்தார்கள். எஸ்கேப் ரோடு என்றே பெயர். தப்பி ஓடுவதற்கு என்று வந்தபோது மட்டும் ரோடு நாற்பது வருஷம் எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பான்காரன் வரவில்லை. ரோடும் இப்போது வனத்துறைக் கதவுக்குப் பின்னால் மூடிக் கிடக்கிறது. மூணாறு நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்தான், அந்த வழியில் எண்பது. இன்று கீழே இறங்கி, தேனி, போடி என்று சுற்றினால் 170-ஐத் தொடும். காடு பிழைத்தது என்ற வகையில் எனக்கு அதில் வருத்தமில்லை.

இன்றைய கணக்கையும் போட்டுவிடுவோம். பாஸ்டனில் விமானம் ஏறினால் வளைகுடாவிலோ வேறெங்கோ மாறி, ஒரு நாள் போல ஆகும் மதுரை வந்து இறங்க. நாலு மாதம் ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. மதுரையிலிருந்து கொடைக்கானல் ரோட்டில் 120 கிலோமீட்டர். மொத்த தூரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சாதாரண நாளில் மூன்றரை மணி நேரம். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் வண்டிகள் பம்பரோடு பம்பர் உரசி நிற்கும்போது, டோலி தூக்குகிறவர்கள் அந்தப் பக்கமாக வந்தால் முந்திக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி மேலே போகக் கூடாது என்று ஆக்கியது. அடுத்த வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் கட்டினார்கள். கோபித்துக்கொண்டு வந்து மலையில் உட்காருவதற்கும் இனி வண்டி நம்பர், தங்கும் நாள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே போகிறவர்கள் இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மலையில் ஏறிய பிறகு சிக்னல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் ஸ்வெட்டர் வேண்டாம். வத்தலகுண்டில் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே இன்னும் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.